ஹியூயி லாங்: லூசியானாவின் 'கிங்ஃபிஷ்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹியூயி லாங்கைப் பற்றிப் பேச்செடுத்தால் கேள்விகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். யார் இவர், நல்லவரா கெட்டவரா, யார் சுட்டது. இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கேட்பவர்களுக்கு இந்தப் பக்கம் ஏமாற்றம்தான். அந்த மனிதர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தந்த வழியும், எதிரிகளின் குரல்வளையைப் பிடித்த வழியும் ஒன்றேதான் என்பது என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பது கீழே வரும்.

இந்த ஹியூயி லாங் யார்?

அமெரிக்காவின் தெற்கு மாநிலமான லூசியானாவின் ஆளுநராக 1928 முதல் 1932 வரை இருந்தவர். பிறகு 1935 வரை அதே மாநிலத்தின் சார்பில் வாஷிங்டனில் செனட்டர். ஜனநாயகக் கட்சிக்காரர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் 'சொத்தைப் பகிர்வோம்' என்ற முழக்கத்தோடு நாடு முழுக்கக் கிளம்பி, ஜனாதிபதி ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் தூக்கத்தைக் கெடுத்தவர். 42 வயதில் தான் கட்டிய தலைமைச் செயலகக் கட்டடத்துக்குள்ளேயே சுடப்பட்டு இறந்தார்.

ஆளுநர் என்றால் மாளிகையில் இருந்து கையெழுத்துப் போடுகிறவர்தானே? அவர் எப்படி இவ்வளவு செய்ய முடிந்தது?

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. அமெரிக்க மாநில ஆளுநரை யாரும் நியமிப்பதில்லை. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சருக்கு நிகரான பதவி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம்: அவர் சட்டமன்ற உறுப்பினராக இருக்கமாட்டார். கீழவையும் மேலவையும் தனியாக இயங்கும். அவற்றை வளைக்கத் தெரிந்த ஆளுநருக்கு மாநிலம் கையில். லாங்குக்கு அது தெரிந்த அளவு அவருக்கு முன்னும் பின்னும் லூசியானாவில் யாருக்கும் தெரியவில்லை.

ஏழைக் குடும்பத்தில் பிறந்தவரா?

மேடையில் அப்படித்தான் சொல்வார். உண்மையில் குடும்பம் அவ்வளவு வறுமையில் இல்லை. 1893 ஆகஸ்ட் 30 அன்று வின் பாரிஷில் உள்ள வின்ஃபீல்டில் பிறந்தார். (லூசியானாவில் மாவட்டத்தைப் 'பாரிஷ்' என்பார்கள். கத்தோலிக்கர் ஆட்சிக் காலத்து வழக்கு அப்படியே தங்கிவிட்டது.) அப்பாவுக்கு நிலம் இருந்தது, வீட்டில் புத்தகம் இருந்தது, பிள்ளைகள் பலர் படித்தார்கள்.

ஆனால் ஊர் வேறு மாதிரியான ஊர். செம்மண், பைன் காடு, சிறு விவசாயிகள். பெரிய தோட்ட முதலாளிகளுக்காக நாம் ஏன் சாக வேண்டும் என்று 1861-ல் மாநிலம் பிரிந்துபோவதையே எதிர்த்த மண் அது. பிறகு விவசாயிகள் கட்சி அங்கே வேரூன்றியது, அதன்பின் சோஷலிஸ்டுகளுக்கு ஓட்டு விழுந்தது. பணக்காரனைத் திட்டினால் கைதட்டல் விழும் என்பதை லாங் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

படிப்பு?

பள்ளியை முடிக்கவில்லை. நிர்வாகத்தைத் தாக்கி மனு சுற்றுக்கு விட்டதற்காக வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பொருள் விற்கும் வேலை. சமையல் கொழுப்பு ஒன்றை விற்பதற்காக கேக் செய்யும் போட்டிகள் நடத்துவார். அப்படி ஷ்ரீவ்போர்ட்டில் நடந்த ஒரு போட்டியில் கலந்துகொண்ட ரோஸ் மெக்கானலைத்தான் 1913-ல் கல்யாணம் செய்துகொண்டார்.

இந்த விற்பனைக் காலத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எந்த வீட்டுத் திண்ணையில் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, கிழவரிடம் என்ன, பாட்டியிடம் என்ன என்பதெல்லாம் அங்கே படிந்தது. அரசியலுக்கு வந்தபிறகும் அவர் விற்றுக்கொண்டுதான் இருந்தார், சரக்கு மட்டும் மாறிவிட்டது.

சட்டப் படிப்பு டுலேன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டுதான். கைப்பணம் தீரும் நிலையில், தனக்கு மட்டும் முன்கூட்டியே தேர்வு நடத்தும்படி கேட்டு வாங்கி எழுதி, 1915-ல் 21 வயதில் வழக்கறிஞர் ஆனார்.

ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியோடு அப்படி என்ன பகை?

சொந்தக் கணக்கும் உண்டு, பொதுக் கணக்கும் உண்டு. சிறிய எண்ணெய்க் கம்பெனிகள் சிலவற்றில் லாங் பங்கு வைத்திருந்தார். ஸ்டாண்டர்ட் ஆயில் தன் குழாய்களில் மற்றவர் எண்ணெயை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒருநாள் கைவிரித்துவிட்டது. கிணற்றில் எண்ணெய் இருந்தும் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை, பங்குகள் காகிதமாகின. அந்த வடு அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

1918-ல், 25 வயதில், மாநிலத்தின் ரயில்வே ஆணையத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெயர்தான் ரயில்வே. தொலைபேசி, எண்ணெய்க் குழாய், கட்டணங்கள் எல்லாம் அதன் கீழே வந்தன. பெரும்பாலானவர்கள் ஓய்வெடுக்கும் இடமாகப் பார்த்த அந்த ஆணையத்தை லாங் சண்டைக் களமாக்கினார். தொலைபேசிக் கம்பெனி ஏற்றிய கட்டணத்தை எதிர்த்து வழக்காடி வென்றார். சுமார் 80,000 வாடிக்கையாளர்களுக்குப் பணம் திரும்பியது. தபாலில் காசோலை வந்து சேர்ந்த வீட்டில் ஹியூயி லாங் என்ற பெயர் மறக்குமா?

முதல் தடவை தோற்றாராமே?

ஆமாம். ஆளுநர் ஆக 30 வயது ஆகியிருக்க வேண்டும். சரியாகத் தன் 30-வது பிறந்தநாளில், 1923 ஆகஸ்ட் 30 அன்று, போட்டியிடுவதாக அறிவித்தார். 1924 ஜனவரியில் நடந்த கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் மூன்றாம் இடம். அப்போது தெற்கில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் யார் என்று முடிவானாலே தேர்தல் முடிந்த மாதிரி. வாக்குப்பதிவு நாளில் மழை கொட்டியது. மண்சாலைகள் சேறாகி, கிராமத்து ஆதரவாளர்கள் பலர் வாக்குச்சாவடி வரை வரமுடியவில்லை. பின்னாளில் அவர் சாலை போட்டே தீருவேன் என்று நின்றதற்கு இந்த மழையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றும்.

நான்கு ஆண்டுகள் ஓய்வில்லாமல் சுற்றினார். தெற்கே பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர், வடக்கே பிராட்டஸ்டண்ட்டுகள். இரண்டு பக்கமும் ஒரே ஆளுக்கு ஓட்டுப் போடுவது அபூர்வம். செயின்ட் மார்ட்டின்வில்லில் ஒரு பழைய ஓக் மரம் இருக்கிறது. கவிதையில் வரும் எவாஞ்சலின் என்ற பெண் வராத காதலனுக்காகக் காத்திருந்த இடம் என்பார்கள். அந்த மரத்தடியில் நின்று லாங் கேட்டார்: எவாஞ்சலின் மட்டுமா காத்திருந்தாள்? நீங்கள் காத்திருந்த பள்ளிக்கூடம் எங்கே, சாலை எங்கே, ஆஸ்பத்திரி எங்கே? அவள் கண்ணீர் ஒரு ஆயுளோடு போயிற்று, உங்கள் கண்ணீர் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறதே?

1928-ல் சுமார் 44 சதவீத வாக்கு. இரண்டாம் இடத்தில் இருந்தவர் மறுசுற்றுக்கே வரவில்லை. மே 21 அன்று பதவியேற்றபோது லாங்குக்கு வயது 34.

இலவசப் பாடப்புத்தகத் திட்டம்தான் அவருடைய பெரிய சாதனையா?

எனக்குப் பிடித்த கதை அதுதான், ஏனென்றால் முழு லாங்கும் அதற்குள் இருக்கிறார்.

அதுவரை பெற்றோர்தான் புத்தகம் வாங்க வேண்டும். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை பள்ளிக்கே போகாது. லாங் அரசே தரும் என்றார். பணம்? மண்ணுக்கு அடியிலிருந்து எடுக்கும் எண்ணெய், எரிவாயு போன்றவற்றுக்கு அளவைப் பார்த்து வரி. எண்ணெய்க் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. அடுத்த சிக்கல் மதம். கத்தோலிக்கப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசுப் பணத்தில் புத்தகம் தந்தால் அரசியல் சட்டம் இடிக்கும். தராவிட்டால் தெற்கு லூசியானா கைவிட்டுவிடும். லாங் கண்ட வழி: புத்தகம் பள்ளிக்கு அல்ல, பிள்ளைக்கு. பிள்ளை அதை எந்தப் பள்ளிக்கு எடுத்துப்போனால் அரசுக்கு என்ன? 1930-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது.

இதுவரை கெட்டிக்கார வக்கீல். இனி வருவது இன்னொரு முகம். வடக்கே ஷ்ரீவ்போர்ட் இருக்கும் கேடோ பாரிஷின் பெரிய மனிதர்கள், எங்கள் ஊர் பிச்சை வாங்காது, புத்தகம் வேண்டாம் என்றார்கள். அதே சமயம் அந்த ஊருக்கு ராணுவ விமானதளம் ஒன்று வருவதாக இருந்தது. நிலத்தை ஒப்படைக்க மாநிலத்தின் சம்மதம் வேண்டும். முதலில் புத்தகத்தை வாங்குங்கள், பிறகு விமானதளம் பேசலாம் என்றார் லாங். வாங்கினார்கள்.

இதில் எது நலத்திட்டம், எது மிரட்டல் என்று கோடு கிழித்துப் பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. பள்ளிக்குப் போன பிள்ளைக்கு அந்தக் கோடு தேவையும்படவில்லை.

புத்தகத்தோடு இரவுப் பள்ளிகளும் நடந்தன. சுமார் 1 லட்சம் பெரியவர்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள்.

சாலைகள் எவ்வளவு போட்டார்?

அவர் வந்தபோது மாநிலம் முழுக்கக் கெட்டியான சாலை 300 மைல் சொச்சம். அவர் காலம் முடிகையில் காங்கிரீட் சாலை 2,000 மைலைத் தாண்டியிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பாலங்கள். கடன் பத்திரம் விற்றும் பெட்ரோல் வரி போட்டும் பணம் திரட்டினார். நாடே வேலையில்லாமல் நின்ற காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதனால் கூலி கிடைத்தது.

முதல் கட்டத்தில் ஒரு தந்திரம் செய்தார். இருந்த பணத்துக்கு ஒரு நீள நெடுஞ்சாலை போடாமல், பாரிஷுக்குப் பாரிஷ் ஐந்து மைல், பத்து மைல் என்று துண்டு துண்டாகப் போட்டார். சேற்றில் தத்தளித்து வரும் கார் திடீரென்று வழுவழுப்பான சாலையில் ஏறும், கொஞ்ச தூரம் சுகமாக ஓடும், மறுபடி சேற்றில் இறங்கும். மீதியையும் போடு என்று மக்களே கத்துவார்கள் என்பது கணக்கு. கத்தினார்கள். கேக் போட்டி நடத்தி ஒரு வாய் ருசிகாட்டிக் கொழுப்பு விற்றவரின் மூளை.

1929-ல் பதவியைப் பறிக்கப் பார்த்தார்களாமே?

சுத்திகரிக்கும் எண்ணெய்க்கு பீப்பாய்க்கு 5 சென்ட் வரி என்று மசோதா கொண்டுவந்தார். ஸ்டாண்டர்ட் ஆயிலின் பெரிய ஆலை தலைநகர் பேட்டன் ரூஜிலேயே இருந்தது. கம்பெனி விழித்துக்கொண்டது, லாங்கை ஏற்கெனவே பிடிக்காதவர்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்தார்கள்.

மார்ச் 25, திங்கட்கிழமை. சபையை ஒத்திவைக்க வாக்கெடுப்பு. மின்சாரப் பலகையில் எதிர்ப்பாகப் போட்ட ஓட்டுகளும் ஆதரவாகவே விழுந்தன. எந்திரத்தில் கோல்மால் என்று கூச்சல். உறுப்பினர்கள் மேசைமேல் ஏறி ஓடினார்கள், கைகலப்பு, ஒருவர் நெற்றியில் ரத்தம். 'ரத்தத் திங்கள்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். எந்திரக் கோளாறுதான் என்று லாங் ஆட்கள் சாதித்தார்கள்.

குற்றச்சாட்டுகள் 19. லஞ்சம், அரசுப் பணத்தைத் தவறாகச் செலவழித்தது, துப்பாக்கி வைத்திருந்தது, கேளிக்கை விருந்தில் நாட்டியக்காரியோடு கூத்தடித்தது, அரசியல் எதிரி ஒருவரைக் கொல்ல ஆள் ஏவப்பார்த்தது வரை. கீழவை எட்டுக் குற்றச்சாட்டுகளை ஏற்று மேலவைக்கு அனுப்பியது.

மேலவையில் மொத்தம் 39 பேர். தண்டிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 26 ஓட்டு வேண்டும். 14 பேரைப் பிடித்தால் போதும் என்று லாங் கணக்குப் போட்டார். 15 பேர் கையெழுத்திட்ட ஒரு காகிதம் விசாரணை தொடங்கியதும் சபைக்கு வந்தது: குற்றச்சாட்டுகள் சட்டப்படி செல்லாதவை, எந்த சாட்சி வந்தாலும் நாங்கள் தண்டிக்க ஓட்டுப் போடமாட்டோம். அத்தோடு வழக்கு சுருண்டது. கையெழுத்துப் போட்ட 15 பேருக்கும் பிற்காலத்தில் நல்ல இடங்கள் கிடைத்தன.

இதற்குப் பிறகுதான் லாங் மாறினார் என்பார்கள். முன்பெல்லாம் தயவுசெய்து என்று கேட்டுப் பார்த்தேன், இனிமேல் வழியில் நிற்பதை வெடி வைத்துத் தகர்ப்பேன் என்று அவரே சொன்னார். மாறினார் என்பதைவிட, மறைப்பதை நிறுத்திவிட்டார் என்றுதான் நான் சொல்வேன்.

'டிடக்ட் பாக்ஸ்' என்பது என்ன?

பிடித்தம் செய்த பணம் போடும் பெட்டி. அரசு ஊழியர்களின் சம்பளத்தில் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை லாங்கின் அரசியல் செலவுக்குப் பிடிக்கப்பட்டது. வேலையே அவர் தயவில் வந்தது என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. பத்திரிகைகள் எல்லாம் பணக்காரர் கையில் இருக்கின்றன, என் துண்டறிக்கைக்கும் ஒலிபெருக்கி வண்டிக்கும் காசு எங்கிருந்து வரும் என்பது அவர் தரப்பு நியாயம். பெட்டி நியூ ஆர்லியன்ஸ் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் இருந்ததாகச் சொல்வார்கள். அவர் சாகும் தறுவாயில் ஆப்த நண்பர் ஒருவர் பெட்டி எங்கே என்று கேட்டாராம், பிறகு சொல்கிறேன் என்றாராம் லாங். பெட்டி இன்றுவரை அகப்படவில்லை.

பச்சைப் பைஜாமா கதை உண்மையா?

உண்மை. 1930 மார்ச்சில் 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நியூ ஆர்லியன்ஸ் வந்தது. கப்பல் தலைவர் முழுச் சீருடையில் தூதரோடு ஆளுநரை மரியாதைக்குப் பார்க்க வந்தார். லாங் ஹோட்டல் அறையில் பச்சைப் பட்டுப் பைஜாமா, மேலே ஒரு அங்கி, காலில் செருப்பு என்று வரவேற்றார். ஜெர்மன் தூதர் கொதித்துப்போய் தன் நாட்டுக்கே அவமானம் என்றார். மறுநாள் லாங் இரவல் வாங்கிய கோட்டும் கோடுபோட்ட கால்சட்டையுமாகக் கப்பலுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். நாடு முழுவதும் பத்திரிகைகள் சிரித்தன. பட்டிக்காட்டான் என்று சிரித்தவர்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை, முதல் பக்கத்தில் பெயர் வந்ததே.

இன்னொன்று 1931-ன் ரொட்டிச் சண்டை. தெற்கில் பன்றிக்கொழுப்போடு கீரை வேகவைத்த தண்ணீரை மக்காச்சோள ரொட்டியோடு சாப்பிடுவார்கள். ரொட்டியைத் தோய்த்துத் தின்ன வேண்டும் என்று லாங் அறிவித்தார். அட்லாண்டாவின் பத்திரிகை ஒன்று, இல்லை, உதிர்த்துப் போட்டுத்தான் தின்ன வேண்டும் என்றது. வாரக்கணக்கில் வாதம் நடந்தது. அப்போது நியூயார்க் ஆளுநராக இருந்த ரூஸ்வெல்ட் உதிர்க்கும் கட்சி. பின்னாளில் இருவரும் மோதியதற்கு இது ஆரம்பம் என்று சொல்ல ஆசைதான்.

'கிங்ஃபிஷ்' என்ற பட்டப்பெயர் எப்படி வந்தது?

அக்காலத்து வானொலி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் வந்த தந்திரக்காரப் பாத்திரத்தின் பெயர். கூட்டாளிகள் விளையாட்டாகக் கூப்பிட்டதை அவரே எடுத்துக்கொண்டார். தொலைபேசியில் 'கிங்ஃபிஷ் பேசுகிறேன்' என்றுதான் தொடங்குவாராம்.

செனட்டர் ஆன பிறகும் ஆளுநர் நாற்காலியை விடவில்லையா?

1930-ல் செனட் தேர்தலில் ஜோசப் ரேன்ஸ்டெல் என்ற மூத்தவரைத் தோற்கடித்தார். ரேன்ஸ்டெல்லின் தாடியைப் பார்த்து 'கிழட்டு இறகுத் துடைப்பம்' என்று பெயர் வைத்திருந்தார். ஆனால் வாஷிங்டன் போனால் துணை ஆளுநர் பால் சிர் ஆளுநராகிவிடுவார். சிர் தொழிலில் பல் மருத்துவர், அந்நேரம் லாங்கின் ஜென்ம விரோதி. எனவே லாங் செனட் இருக்கையை 1932 ஜனவரி வரை காலியாகவே விட்டுவைத்தார்.

பொறுமையிழந்த சிர், லாங் இப்போது செனட்டர்தான், நானே ஆளுநர் என்று 1931 அக்டோபரில் தானே பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். லாங் தேசியக் காவற்படையை வரவழைத்துத் தலைமைச் செயலகத்தைச் சுற்றி நிறுத்தினார். பிறகு வந்தது வக்கீல் அடி: ஆளுநர் என்று பிரமாணம் எடுத்ததால் சிர் துணை ஆளுநர் பதவியைத் துறந்துவிட்டார், ஆளுநர் பதவியும் காலியில்லை, ஆக அவர் எதுவும் இல்லை. அந்த இடத்துக்கு லாங்கின் ஆள் ஒருவர் வந்தார்.

அடுத்த தேர்தலில் பால்ய நண்பர் ஓ. கே. ஆலன் ஆளுநரானார். ஆலன் மேசைமேல் ஜன்னல் வழியாக ஒரு இலை பறந்து வந்து விழுந்ததாம், அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இந்த நையாண்டியைச் சொன்னவர் வேறு யாருமில்லை, லாங்கின் தம்பி ஏர்ல்.

ரூஸ்வெல்ட்டோடு ஏன் முறிந்தது?

1932-ல் சிகாகோ மாநாட்டில் ரூஸ்வெல்ட்டை வேட்பாளராக்க லாங் உழைத்தார். ஜெயித்தபின், செல்வத்தைப் பங்கிடுவதில் ரூஸ்வெல்ட் போதிய தூரம் போகவில்லை என்றார். ரூஸ்வெல்ட் பதிலுக்கு லூசியானாவில் மத்திய அரசு வேலைகளை லாங்கின் எதிரிகளுக்குக் கொடுத்தார், வருமான வரித்துறையும் லாங் கூட்டத்தின் கணக்குகளைத் தோண்டியது. நாட்டின் மிக ஆபத்தான இரண்டு பேரில் லாங் ஒருவர் என்று ரூஸ்வெல்ட் தனிப்பேச்சில் சொன்னார். மற்றவர் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தர்.

1934 பிப்ரவரியில் வானொலியில் 'சொத்தைப் பகிர்வோம்' திட்டத்தை வைத்தார். தனிமனிதச் சொத்துக்கு 5 கோடி டாலர் உச்சவரம்பு (பிறகு இன்னும் குறைத்தார்), ஆண்டு வருமானத்துக்கு 10 லட்சம் டாலர் உச்சவரம்பு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு வாசலுக்காக சுமார் 5,000 டாலர், ஆண்டுக்கு 2,000 முதல் 2,500 டாலர் வருமான உத்தரவாதம், முதியோருக்கு ஓய்வூதியம், திறமையுள்ள பிள்ளைக்கு இலவசக் கல்லூரி. கணக்கு உதைத்தது. பணக்காரர் சொத்தில் பெரும்பகுதி தொழிற்சாலையும் ரயில் பாதையும், அதை வெட்டி வீட்டுக்கு ஒரு துண்டு தரமுடியாது. ஆனாலும் ஊர் ஊராகச் சங்கங்கள் முளைத்தன. 27,000 சங்கங்கள், 75 லட்சம் உறுப்பினர்கள் என்று லாங் தரப்பு சொன்னது. அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் பெரிய எண்தான். அவர் மூன்றாவது கட்சியாக நின்றால் 30 லட்சம் முதல் 40 லட்சம் ஓட்டுவரை பிரிக்கலாம் என்று ரூஸ்வெல்ட்டின் கட்சி ரகசியமாக எடுத்த கணிப்பு காட்டியது. 1935 கோடையில் ரூஸ்வெல்ட் பணக்காரர்மீது வரியை ஏற்றியதற்கும் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை விரைவுபடுத்தியதற்கும் இந்த பயம் ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள். நானும்.

செனட்டில் அவர் நிறைவேற்றிய சட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பேசினார், அவ்வளவுதான். 1935 ஜூனில் 15 மணி நேரத்துக்கு மேல் நின்றபடியே பேசி ஒரு மசோதாவை மறித்தார். நடுவில் சிப்பி வறுக்கும் பக்குவமும், மேலே சொன்ன கீரைத் தண்ணீர்ப் பக்குவமும் சபைக் குறிப்பில் ஏறின.

உருப்படியான ஒன்று 1932 ஆகஸ்டில் நடந்தது. பக்கத்து மாநிலமான அர்க்கன்சாவில், கணவர் இறந்ததால் செனட்டுக்கு வந்திருந்த ஹாட்டி கேரவே மீண்டும் போட்டியிட்டார். ஜெயிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. லாங் ஒலிபெருக்கி வண்டிகளோடு புகுந்து ஒரு வாரம் சூறாவளிப் பிரசாரம் செய்தார். அமெரிக்க செனட்டுக்கு வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் என்று கேரவே வரலாற்றில் இடம்பிடித்தார்.

அவரைச் சர்வாதிகாரி என்பது நியாயமா?

1934-35ல் நடந்ததைப் பார்த்தால் நியாயம்தான். செனட்டராக இருந்துகொண்டே சட்டமன்றச் சிறப்புக் கூட்டங்களைத் தானே முன்நின்று நடத்தினார். உறுப்பினர்கள் படிக்காத மசோதாக்கள் கொத்துக் கொத்தாக நிறைவேறின. உள்ளூர் போலீஸ், ஆசிரியர், தேர்தல் அலுவலர் நியமனம் எல்லாம் மாநிலத்தின் பிடிக்குள் போனது. எதிரிகளின் கோட்டையான நியூ ஆர்லியன்ஸுக்குக் காவற்படை போனது. 1935 ஜனவரியில் ஆயுதமேந்திய எதிர்ப்பாளர்கள் பேட்டன் ரூஜ் நீதிமன்றக் கட்டடத்தைக் கைப்பற்றியபோது ராணுவச் சட்டம் வந்தது.

20,000 பிரதிகளுக்கு மேல் விற்கும் பத்திரிகைகளின் விளம்பர வருமானத்துக்கு 2 சதவீத வரி போட்டார். பொய்க்கு வரி என்றார். பெரிய பத்திரிகைகள் ஏறக்குறைய எல்லாம் அவருக்கு எதிரானவை என்பது தற்செயல் அல்ல. அவர் இறந்தபின் 1936-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் அவருக்குச் செல்லப்பிள்ளை. மருத்துவக் கல்லூரி கொடுத்தார், வாத்தியக் குழுவுக்கு முன்னால் தானே நடந்தார். கால்பந்து வீரர் ஒருவரை வேடிக்கையாக மாநில மேலவை உறுப்பினராக அறிவித்தார். இதைக் கிண்டல் செய்து மாணவர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் வந்தது. லாங் அச்சை நிறுத்தினார். கடைசியில் ஏழு மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மனு எழுதியதற்காகப் பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட பையன் செய்த வேலை இது.

கறுப்பின மக்களுக்கு என்ன செய்தார்?

புத்தகம், இரவுப் பள்ளி, ஆஸ்பத்திரி ஆகியவற்றின் பலன் அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. தெற்கின் மற்ற அரசியல்வாதிகள்போல் இனவெறியை முதலீடாக வைத்து அவர் பிழைக்கவில்லை, ஆனால் தேவைப்பட்டபோது தொடாமலும் இருக்கவில்லை. கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைத்த சட்டங்களை அவர் அசைக்கவே இல்லை. ஓட்டுப் போட ஆண்டுக்கு ஒரு டாலர் கட்ட வேண்டும் என்ற வரி 1934-ல் ஒழிந்தபோது ஏழை வெள்ளையர்கள் பட்டியலில் திரண்டு ஏறினார்கள். கறுப்பர்களுக்கு வேறு தடைகள் அப்படியே இருந்தன.

யார் சுட்டார்கள்? மர்மம் இன்னும் இருக்கிறதா?

1935 செப்டம்பர் 8, ஞாயிறு இரவு. சிறப்புக் கூட்டத்துக்காக லாங் தலைமைச் செயலகத்தில் இருந்தார். பல வருட எதிரியான நீதிபதி பெஞ்சமின் பேவியின் பதவி போகும்படி தொகுதி எல்லையை மாற்றும் மசோதா அன்று வந்திருந்தது. பேவியின் மருமகன் கார்ல் வைஸ், இளம் மருத்துவர், பளிங்கு நடைபாதையில் லாங்கை நெருங்கினார். ஒரு வெடிச்சத்தம். மெய்க்காப்பாளர்கள் வைஸை அங்கேயே சுட்டுத் தள்ளினார்கள், உடம்பில் 60 துளைகளுக்கு மேல்.

லாங் தானாகவே படியிறங்கிப் போனார். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வரவழைத்த அறுவை மருத்துவர்களின் கார் வழியில் விபத்துக்குள்ளாகித் தாமதமானது. இருந்தவர்கள் அறுவை செய்தார்கள், சிறுநீரகத்தில் கசிந்த ரத்தத்தைக் கவனிக்கத் தவறினார்கள். செப்டம்பர் 10 அதிகாலை உயிர் போனது.

வைஸ் கை முஷ்டியால் ஒரு குத்து விடத்தான் வந்தார், லாங்கைக் கொன்றது காவலர்களின் தவறிய குண்டு என்று வைஸ் குடும்பம் நெடுங்காலம் சொல்லிவந்தது. 1991-ல் வைஸின் உடலைத் தோண்டியெடுத்து ஆராய்ந்தார்கள். மாநிலக் காவல்துறை மறுபடி விசாரித்து, சுட்டது வைஸ்தான் என்ற பழைய முடிவுக்கே வந்தது. எல்லாரும் சமாதானமாகவில்லை.

குடும்பம் பிறகு என்ன ஆனது?

மனைவி ரோஸ் 1936-ல் அவர் செனட் இருக்கையில் அமர்ந்தார். மகன் ரஸல் 1948 முதல் 1987 வரை செனட்டர். தம்பி ஏர்ல் மூன்று தடவை ஆளுநர். கூட்டத்தில் மிச்சமிருந்தவர்களுக்கு லாங்கின் கைத்திறன் இல்லை, பசி மட்டும் இருந்தது. 1939-ல் வெடித்த ஊழலில் ஆளுநர் ரிச்சர்ட் லேஷ் உட்படப் பலர் சிறைக்குப் போனார்கள்.

இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது?

பேட்டன் ரூஜில் அவர் 1932-ல் கட்டிமுடித்த 34 மாடித் தலைமைச் செயலகம். அமெரிக்க மாநிலத் தலைமைச் செயலகங்களில் இன்றும் அதுதான் உயரம், 450 அடி. நடைபாதைப் பளிங்கில் உள்ள சிறு குழிகளை குண்டுபட்ட இடம் என்று வழிகாட்டிகள் காட்டுவார்கள். கட்டடத்துக்கு எதிரே தோட்டத்தில் அவர் கல்லறை, மேலே வெண்கலச் சிலை. சிலை கட்டடத்தைப் பார்த்தபடி நிற்கிறது, இடது கை அதே கட்டடத்தின் சிறிய பளிங்கு உருவத்தின்மேல்.

நியூ ஆர்லியன்ஸ் பக்கம் மிசிசிப்பியின் குறுக்கே அவர் பெயரில் ஒரு பாலம். அவர் இறந்து மூன்று மாதம் கழித்து, 1935 டிசம்பரில் திறந்தார்கள். நடுவில் ரயில், இருபுறமும் 9 அடி அகலத் தடங்கள். லாரி பக்கத்தில் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டவேண்டும் என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். 2013-ல்தான் அகலப்படுத்தி முடித்தார்கள்.